இரண்டாவது துப்பாக்கியை நிரப்பிக் கொடுப்பவர் யார்?

(திண்டிவனத்தில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சாதியும் பாரம்பரியமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் கோயில், தேர், முதல் மரியாதை என்று பேசுவதுதான் வழக்கம். நான் இன்றைக்கு ஒரு ஜோடித் துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிற தோழர்கள் 'இதைக் கேட்கவா வந்தோம்' என்று எழுந்துவிட வேண்டாம். பேச்சு முடிவதற்குள் உங்கள் ஊர் கலெக்டர் ஆபீசுக்கே வந்து சேர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளை ஏலம் விடுகிறார்கள். அதில் பெரிய மதிப்பு ஒற்றைத் துப்பாக்கிக்குக் கிடையாது, ஜோடிக்குத்தான். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பாஸ், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று சில கம்பெனிகள். பர்டி 1814-இல் தொடங்கியது, ஹாலண்ட் 1835-இல். இவர்கள் செய்கிற இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டை ஒரே ஆளின் அளவுக்கு, ஒரே நேரத்தில் செய்வார்கள். ஒரே எடை, ஒரே நீளம், விசையை இழுக்க ஒரே அழுத்தம். கட்டை இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற வால்நட் மரத்தில். உலோகத்தில் ஒரே கை செதுக்கிய ஒரே பூவேலை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். தங்கத்தில் பதித்த எண், ஒன்றில் 1, மற்றதில் 2. இரண்டையும் தோல் போர்த்திய ஒரே பெட்டியில் படுக்க வைத்துக் கொடுப்பார்கள். இன்றைக்குப் புதிதாகச் செய்யச் சொன்னால் ஒரு பர்டி துப்பாக்கிக்கே ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் ஆகும். பழைய ஜோடி ஏலத்துக்கு வரும்போது 'இந்திய மகாராஜாவுக்காகச் செய்தது' என்று குறிப்பு இருந்தால் அதற்கு இன்னும் மவுசு.

அழகான பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பூவேலையைச் செய்த தொழிலாளியின் கைக்கு நான் வணக்கம் சொல்லுவேன். என் கேள்வி வேறு. ஒரு ஆளுக்கு இருப்பது ஒரு தோள். அவருக்கு எதற்கு இரண்டு துப்பாக்கி?

அந்த வேட்டை நடக்கும் விதம் தெரிந்தால் விளங்கும். துரை காட்டுக்குள் அலைய மாட்டார். ஓரிடத்தில் நிற்பார். கூலி ஆட்கள் வரிசையாக நடந்து, தடியால் புதரை அடித்து, சத்தம் போட்டுப் பறவைகளை அவர் தலைக்கு மேலே விரட்டி விடுவார்கள். இரட்டைக்குழல் என்றால் இரண்டு வெடிதான். மறுபடி தோட்டா போடுவதற்குள் பறவை போய்விடும். அதனால் துரைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பார். அவர் பெயர் லோடர். துரை ஒரு கையால் காலித் துப்பாக்கியைப் பின்னால் நீட்டுவார், மறு கையால் நிரப்பியதை வாங்குவார். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு துப்பாக்கியும் ஒரு மயிரிழைகூட மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். துப்பாக்கி மாறியதே துரையின் கைக்குத் தெரியக் கூடாது. பின்னால் ஒருவன் நிற்கிறான் என்பதும் தெரியக் கூடாது.

அதாவது, லோடர் இல்லையென்றால் ஜோடி கிடையாது. ஏலப் பட்டியலில் எண் 1, எண் 2, எடை, செய்த ஆண்டு, வாங்கியவர் பட்டம் எல்லாம் இருக்கும். அந்த இரண்டாவது துப்பாக்கியை நிரப்பிக் கொடுத்தவர் பெயர் இருக்காது.

இந்தக் கலையில் இங்கிலாந்தில் முதல் ஆள் என்று பெயர் வாங்கியவரின் குடும்பப் பெயர் சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ரிப்பன். மாநகராட்சி நடக்கிற ரிப்பன் மாளிகையின் ரிப்பன், 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்தவர். அவருடைய மகன் பிரடெரிக் ராபின்சன், பின்னாளில் இரண்டாவது ரிப்பன் பிரபு. அவருக்கு ஜோடி போதவில்லை. மூன்று பர்டி, இரண்டு லோடர். வாழ்நாளில் அவர் சுட்ட உயிர்களின் கணக்கு 5,56,000-க்கு மேல். 1923-இல், வேட்டைக்குப் போன இடத்திலேயே செத்தார்.

அப்பா ரிப்பன் நல்லவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உள்ளாட்சி கொடுத்தார், லிட்டன் 1878-இல் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை நீக்கினார். உண்மைதான். ஆனால் அதே லிட்டன் அதே 1878-இல் கொண்டுவந்த இன்னொரு சட்டம் இருக்கிறது, ஆயுதச் சட்டம். அதை ரிப்பன் நீக்கவில்லை. 1959-இல் புதிய சட்டம் வரும்வரை அது இருந்தது. இந்தியர்கள் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இதை எதிர்த்துக் காங்கிரஸ் தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே தீர்மானம் போட்டது. ஆனால் விலக்குப் பட்டியலில் ஐரோப்பியர்கள் மட்டும் இல்லை. சமஸ்தான மன்னர்கள், பெரிய ஜமீன்தார்கள், பட்டம் வாங்கியவர்கள் என்று நம்மூர் ஆட்களும் இருந்தார்கள். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர் போன பி.ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. வாங்கியவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயுதம் ஏந்தும் உரிமை ஒரு சிலருக்கு மட்டும் என்று முதலில் எழுதியவர் லிட்டன் இல்லை. 1936-இல் சாதி ஒழிப்பு நூலில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கேள்வி கேட்கிறார். மற்ற நாடுகளில் சமூகப் புரட்சி நடந்தது, இந்தியாவில் ஏன் நடக்கவில்லை? அவர் சொல்கிற பதில், வர்ணமுறை அடித்தட்டு மக்களிடம் ஆயுதத்தையும் கல்வியையும் சேர விடவில்லை என்பது. லிட்டனின் சட்டம் ஏற்கெனவே இருந்த கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டது, அவ்வளவுதான்.

ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்தத் தேதி, யார் வந்தபோது, எத்தனை பறவை, எத்தனை துப்பாக்கி என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்த நாள்: ஒரே நாளில் 4,273 பறவைகள். அந்த வேட்டை மொழியில் 'துப்பாக்கி' என்றால் சுடுகிற ஆள் என்று அர்த்தம். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கி விரட்டியவர்கள், பொறுக்கி வந்தவர்கள், தோட்டா போட்டுக் கொடுத்தவர்கள் அந்தக் கணக்கில் ஆளாகவும் இல்லை, துப்பாக்கியாகவும் இல்லை.

பரத்பூர் தூரம். கழுவெளி பக்கம். மரக்காணம் போகிற வழியில் இருக்கிற அந்த நீர்ப்பரப்பு உங்களில் பல பேருக்கு மாடு மேய்த்த இடம், மீன் பிடித்த இடம். 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் வந்தது. எங்கள் தாத்தா அங்கே பொறுக்குகிற வேலை செய்தவர். எங்கள் ஊர்ப் பண்ணையார் பனிக்காலத்தில் வாத்து சுடப் போவார். சீமைத் துப்பாக்கி, இரட்டைக்குழல். எந்தக் கம்பெனி என்று தாத்தாவுக்குத் தெரியாது. சுட்ட வாத்து தண்ணீரில் விழும். தாத்தா இடுப்பளவு சேற்றில் இறங்கி எடுத்து வருவார். இங்கிலாந்தில் இந்த வேலைக்கு லாப்ரடார் நாய் வளர்க்கிறார்கள் என்று பிற்பாடு நான் படித்தேன். தாத்தாவிடம் அதைச் சொல்லவில்லை.

போகும்போதும் வரும்போதும் துப்பாக்கியைத் தோளில் சுமப்பவர் தாத்தாதான். ஆனால் பண்ணையார் வீட்டுத் தோட்டத்துப் படலோடு அவர் நின்றுவிட வேண்டும். வீட்டு வேலைக்காரர் வந்து வாங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து உள்ளே எடுத்துப் போவார். 'துப்பாக்கி உள்ள போவும், நான் வெளியவே நிப்பேன்' என்று தாத்தா சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கூலி நெல்லாகக் கிடைக்கும், எப்போதாவது ஒரு வாத்து. அந்தத் துப்பாக்கியால் அவர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை.

இதே கழுவெளிப் பக்கம் இன்னொரு துப்பாக்கியும் உண்டு. நரிக்குறவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. குழாய் ஒன்று, கட்டை ஒன்று. வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டு போட்டு, மறுபடி இடிக்க வேண்டும். ஒரு வெடி. தப்பினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பின்னால் லோடர் கிடையாது, நிரப்புகிறவரும் சுடுகிறவரும் அவரேதான்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது தேவையான சட்டம். பறவைகளைச் சுட விடுங்கள் என்று நான் கேட்கவில்லை, கழுவெளிக்கு வருகிற வாத்தும் நாரையும் நம் பிள்ளைகளுக்கும் சொந்தம். ஆனால் அந்தச் சட்டம் வந்தபிறகு இரண்டு துப்பாக்கிக்கும் நடந்ததைப் பாருங்கள். பண்ணை வீட்டுத் துப்பாக்கி கண்ணாடி அலமாரிக்குப் போனது. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனதால் அதன் விலை ஏறியது. நரிக்குறவர் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. முதலாவதன் பெயர் 'பாரம்பரியச் சொத்து'. இரண்டாவது, பேப்பரில் 'கள்ளத் துப்பாக்கி பறிமுதல்' என்று வரும். பரம்பரை பரம்பரையாக வந்தது இரண்டும்தான்.

நரிக்குறவர், குருவிக்காரர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு சொன்னது 1965-இல். நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 வருஷம்.

'பாரம்பரியம்' என்கிற சொல் சட்டப் புத்தகத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2016 ஆயுத விதிகளில் 25-ஆம் விதி. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தர வழி இருக்கிறது. நிலம் மாதிரி. அடுத்தது குடகு. அங்கே குடகு இனத்தவருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் லைசென்ஸே தேவையில்லை. வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டியது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. பிறப்பையும் நிலத்தையும் வைத்துத் துப்பாக்கி. அதே மலையில் காப்பித் தோட்ட வேலை செய்கிற எரவர் பழங்குடிகளுக்கு அந்த விலக்கு இல்லை.

2019-இல் இன்னொன்றும் நடந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்க மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, கடைசியில் இரண்டு என்று முடிந்தது. சரியாக ஒரு ஜோடி!

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. இப்போது சிரிக்க முடியாத இடத்துக்கு வருகிறேன்.

கீழவெண்மணி, 1968 டிசம்பர் 25. 44 பேர் எரிந்ததை நாம் எல்லோரும் பேசுகிறோம். அவர்கள் ஏன் அந்த ஒரு குடிசைக்குள் போய் அடைந்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. சுட்டார்கள். குண்டுக் காயம் பட்டவர்கள் பலர். சூட்டுக்குத் தப்பித்தான் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் போனார்கள். மாடசாமிக்குப் பின்னால் ஓடுகிற பறவை மாதிரி விரட்டி ஓரிடத்தில் சேர்த்தார்கள் என்று எழுதினால் அது வெறும் உவமையாகிவிடும். நான் அதைச் சொல்லவில்லை. உயர் நீதிமன்றத்தின் தர்க்கத்தைச் சொல்கிறேன். கார் வைத்திருக்கிற வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை, ஆட்களை ஏவியிருப்பார்களே என்று போகிறது அந்தத் தீர்ப்பு. எல்லோரும் விடுதலை. ஏவுவதற்கு ஆள் இருக்கிறது என்பதே ஒருவரைக் குற்றத்திலிருந்து காப்பாற்றும் என்றால், பின்னால் நிற்கிறவனைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசியது வீண் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. விழுப்புரத்தில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். மேல்பாதியில் 2023 ஏப்ரலில் கோயிலுக்குள் போனதற்காக அடித்தார்கள், ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நம் பக்கத்துச் சாதி வன்முறையில் கையில் எடுப்பது பெரும்பாலும் தடி, கல், அரிவாள், மண்ணெண்ணெய். துப்பாக்கி மாடியில் இருக்கும். வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த வீட்டு மாடியில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அது போதும்.

இது சட்டத்துக்கும் தெரியும். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் விதிகள் வந்தன. அதில் மூன்றாவது விதியை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? நிவாரணத் தொகை அட்டவணையை எல்லோரும் படிக்கிறோம், வழக்கு வந்தபிறகு தேவைப்படுவது அது. மூன்றாவது விதி வழக்கு வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவையென்றால் அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். லைசென்ஸ்காரருடையதை மட்டும் இல்லை. அவருடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் விதி பட்டியல் போடுகிறது. துப்பாக்கி யார் கையில் இருக்கும், யார் கை மாறும் என்று தெரிந்த யாரோ எழுதிய விதி அது.

அதோடு நிற்கவில்லை. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத லைசென்ஸ் தரலாம் என்கிறது. பழங்குடிப் பட்டியலுக்குள் வந்துவிட்டதால் இந்த விதி இப்போது நரிக்குறவருக்கும் பொருந்தும். முன்பு யாருடைய துப்பாக்கியைப் பிடுங்கினார்களோ அவர்களுக்கு.

உடனே ஒரு தம்பி கேட்பார், 'அப்ப நாமளும் துப்பாக்கி வாங்கணுமா அண்ணே?' வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏற்கெனவே பொய் வழக்கில் உள்ளே போகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். கையில் துப்பாக்கி இருந்தால் வழக்குப் போடுவது இன்னும் சுலபம். இந்தப் பக்கத்து இருளர் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், பொய் வழக்கு என்றால் என்ன என்று சொல்வார்கள். கருத்து வேறுபாடு இருந்தால் பிறகு பேசலாம். நான் கேட்பது விதியின் முதல் பாதி. மாடியில் இருப்பது கீழே இறங்கி, கிடங்குக்குப் போக வேண்டும்.

அதற்கு முதலில் கணக்கு வேண்டும். வேட்டைத் துப்பாக்கிக்கு மாவட்டத்தில் லைசென்ஸ் தருபவர் கலெக்டர். வன்கொடுமைத் தடுப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் கலெக்டர். அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். லைசென்ஸ் பதிவேடும் வன்கொடுமைக் கோப்பும் ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. இரண்டையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்களா?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். யாருடைய பெயரையும் கேட்க வேண்டாம், தனிநபர் தகவல் என்று தள்ளிவிடுவார்கள். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் தாலுகாவாரியாக எத்தனை துப்பாக்கி லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது. அதில் 25-ஆம் விதியின் கீழ் வாரிசுக்கு மாறியது எத்தனை. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் கையில் எத்தனை. மாவட்டத்தில் எந்தெந்த ஊர்களை வன்கொடுமை நடக்கக்கூடியவை என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். 1995-லிருந்து இன்றுவரை மூன்றாவது விதியின் கீழ் எத்தனை லைசென்ஸை ரத்து செய்தார்கள், எத்தனை கொடுத்தார்கள். 1993-க்கு முந்தைய காகிதம் கடலூரில் இருக்கும், கள்ளக்குறிச்சி 2019-இல் பிரிந்துவிட்டது என்று அலைய விடுவார்கள். நீங்கள் இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கு மட்டும் கேளுங்கள்.

மனு மாதிரியைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். திண்டிவனம் தாலுகாவுக்கு ஒருவர், விக்கிரவாண்டிக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு எழுதுங்கள், ஒரே ஆள் எல்லாவற்றையும் எழுதினால் ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மாதிரியும் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வந்த பதிலைக் கையோடு கொண்டுவாருங்கள்.